மூச்சு விடாத ஆணையம்

அத்தியாயம் 4

வாலுவின் கால் கட்டைவிரல் பூந்தொட்டியில் இடித்த சத்தம் ஆணையக் கட்டடத்தின் கீழ்த்தள நடைபாதை முழுக்கக் கேட்டது. அதையடுத்து அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையும் கேட்டது. பக்கத்து அறையிலிருந்த குமாஸ்தா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, இது தன் பிரிவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று முடிவு செய்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எவன் மேடம் இது, நடக்கிற வழியில ரோஜாச் செடியை வரிசையா வெச்சிருக்கான்?" என்றான் வாலு, ஒற்றைக் காலில் நின்றபடி.

"காலைப் பிடிச்சது போதும், கண்ணைத் திறந்து வை" என்றார் மேடம், திரும்பியே பார்க்காமல்.

மேடம் தபால் துறையின் புலனாய்வுப் பிரிவில் இருந்தவர். மேலதிகாரியின் மைத்துனரையே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்ததற்காக, அவரைப் பாராட்டிப் பேசி, பூச்செண்டு கொடுத்து, முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தனியாகத் துப்பறிகிறார். வாலு அவருடைய உதவியாளன். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு என்றாலும், பழகிய யாருக்கும் அதை உபயோகிக்கத் தோன்றியதில்லை. வேலை செய்யும்போது வாயடிப்பதும், வாயடிக்கும்போது கொஞ்சம் வேலை செய்வதும் அவன் வழக்கம். இன்று வாயடித்தானே தவிர, அவனுக்குள் நெஞ்சு பதைத்துக்கொண்டிருந்தது. வேலை போகப் போவது அவனுடைய அண்ணிக்கு.

அண்ணி இந்த ஆணையத்தில் ஸ்டெனோ. கடைத் தராசு, தபால்தலை, மின்கட்டணம், தொலைபேசிக் கோபுரம் எல்லாமே இந்த ஆணையத்தின் மேற்பார்வையில் இருந்தன. மேற்பார்வை என்றால் மேலேயிருந்து பார்ப்பது என்று எடுத்துக்கொண்டு ஆணையம் மூன்றாவது மாடியில் இருந்தது. திங்கட்கிழமை மின்கட்டணத்தை உயர்த்துவதற்காக ரகசியக் கூட்டம் போட்டார்கள். தலைவர், இரண்டு உறுப்பினர்கள், குறிப்பெடுக்க அண்ணி. மறுநாள் முறைப்படி அறிவிக்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது என்று தலைவர் உத்தரவு போட்டார். ஆனால் அன்று மதியச் சாப்பாடு முடிவதற்குள் ஊரில் மீட்டரில் போடுவதற்கு முன்பணம் கொடுத்து வாங்கும் கரண்ட் கார்டு, பழைய விலையில் ஒன்றுகூட இல்லை. எந்தக் கடையில் கேட்டாலும் "ஸ்டாக் இல்லை" என்றார்கள். மின்கம்பெனியும் கடைகளும் எல்லாவற்றையும் பதுக்கிக்கொண்டு, மறுநாள் புது விலையில் வெளியே விட்டன. ஊரே கொதித்தது.

அறைக்குள் இருந்தவர்களில் மூன்று பேர் பதவியில் இருந்தார்கள், ஒருத்தி சம்பளத்தில் இருந்தாள். சந்தேகம் வழக்கம்போலச் சம்பளத்தின் பக்கம் சாய்ந்தது. அண்ணியை சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். இன்று புதன்கிழமை, மாலையில் விசாரணை. பணிநீக்க உத்தரவு காலையிலேயே தயாராகியிருக்க வேண்டும். அதைத் தட்டச்சு செய்ய ஸ்டெனோ இல்லாததால் கொஞ்சம் தாமதம்.

அண்ணனின் கம்பெனி மூடிக்கிடக்கிறது. வீடு அண்ணியின் சம்பளத்தில்தான் ஓடுகிறது. அது போனாலும் எப்படியோ சமாளிக்கலாம், ரகசியத்தை விற்றவள் என்ற பெயரோடு அண்ணி தெருவில் நடக்க வேண்டுமே என்பதுதான் வாலுவுக்குத் தாங்கவில்லை. அண்ணியா விற்பாள்? இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டாலே "வந்து பார்த்துக்கோ" என்பவள்! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணியிடமிருந்து ஒரு குழம்பின் பெயரைக்கூட யாரும் முன்கூட்டியே கறந்ததில்லை.

தலைவர் கூட்ட அறையைத் திறந்து காட்டினார். வெள்ளைச் சட்டை, வழித்துச் சீவிய தலை, எதற்கும் அசராத முகம். நியாயமான விசாரணை நடந்தது என்று ஃபைலில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் மேடத்தை உள்ளேயே விட்டார்.

"பாருங்க. செல்போனை எல்லாம் இந்த இரும்பு அலமாரியில வெச்சுப் பூட்டிடுவோம். அது போக ஜாமர். ஜன்னலுக்குத் திரை. ஈ உள்ள வரணும்னாலும் என்கிட்ட அனுமதி வாங்கணும்" என்றார்.

"அனுமதி வாங்காத ஈ ஒண்ணு உங்க காதுகிட்ட சுத்துது சார்" என்றான் வாலு.

மேடம் அவன் காலை மிதித்தார். அடிபட்ட அதே கால்.

"கூட்டம் முடிஞ்சதும் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"கதவைத் திறந்துவிட்டேன். கீழ போய்க் கொஞ்சம் காத்து வாங்கினேன். திரும்பி வந்தேன். கட்டணத்தைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலை. நான் மூச்சுகூட விடலை."

"காத்து வாங்கினதாச் சொன்னீங்களே."

தலைவருக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை. "அந்தம்மாவும் கூட்டம் முடிஞ்சு கீழ போனாங்க. எங்க போனாங்கன்னு விசாரிச்சீங்களா? விசாரிங்க" என்றார். பிறகு வாலுவின் பக்கம் திரும்பி, "நடைபாதையில இடிச்சது நீங்கதானா?" என்று கேட்டார்.

"ஆமா சார். விரல் வீங்கிப் போச்சு."

"செடிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவை அவருடைய சொந்தச் செடிகள் என்றும், மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கியவை என்றும், அவற்றை ஆணையத்துக்கு அழகு சேர்ப்பதற்காகவே வீட்டிலிருந்து கொண்டுவந்தார் என்றும் அடுத்த பத்து நிமிஷத்தில் தெரியவந்தது. மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து படியிறங்கும்போது வாசலில் ஒரு கணம் நின்றார். வாசற்படியின் இரண்டு ஓரங்களிலும் தூசியே படியாத வட்டம் வட்டமான தடங்கள் இருந்தன. மேடம் ஒரு தடத்தைச் செருப்பு முனையால் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார்.

எதிர்ச் சாரியில் கரண்ட் கார்டு கடை. கடைக்காரர் முதலில் தனக்கு ஒன்றுமே தெரியாது என்றார். மேடம் தராசைக் கொஞ்சம் உற்றுப் பார்த்ததும் அவருக்கு எல்லாமே ஞாபகம் வந்துவிட்டது.

"எனக்கு யாரும் சொல்லலைங்க. நான் சிரிப்பைப் பாத்துத்தான் ஸ்டாக்கை எடுத்து உள்ள வெச்சேன்."

"எந்தச் சிரிப்பை?"

"மின்கம்பெனி ஆளுங்க. எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே இருப்பார், அதனால அந்தப் பேர். ஆணையத்துல கூட்டம்னா காலையிலயே வந்து பக்கத்துக் காபிக் கடையில ஜன்னலோரம் உக்காந்துக்குவார். காபியைக் குடிச்சு முடிச்சுட்டுப் போனார்னா ஒண்ணுமில்லை. பாதியில வெச்சுட்டு எழுந்து ஓடினார்னா விலை ஏறுதுன்னு அர்த்தம்."

"அவருக்கு யார் சொல்றாங்க?"

"அது எனக்கெதுக்குங்க? அவர் பாதிக் காபியை வெச்சார், நான் கார்டை எடுத்தேன். என்னைப் பாத்து ஜெனரேட்டர் கடைக்காரர் விலையை மாத்தினார்." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், என்னை மாட்டி விடாதீங்க. திங்கக்கிழமை அந்த ஸ்டெனோ அம்மா அதே காபிக் கடைக்குத்தான் வந்தாங்க. என் கண்ணால பாத்தேன்."

கடையை விட்டு வெளியே வந்ததும் வாலு போனை எடுத்தான்.

"அண்ணி, திங்கக்கிழமை காபிக் கடைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"எதுக்கு?"

"காபிக் கடைக்கு எதுக்குத் தம்பி போவாங்க?"

"அண்ணி, விளையாடாதீங்க. அங்க மின்கம்பெனி ஆள் உக்காந்திருந்தானாம். அவன்கிட்டப் பேசினீங்களா?"

அண்ணி பேசியபோது குரல் கரகரத்தது. "நீயுமா கேக்கற?"

வாலுவுக்குத் தன் வாயில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மேடம் அவன் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். "அம்மா, அவன் பயத்துல கேக்கறான், விடுங்க. நீங்க உள்ள போகும்போது அந்த ஆள் உக்காந்திருந்தாரா?"

"இல்லைங்க. கதவுல எதிர்ல ஓடி வந்து என்மேல இடிச்சுட்டுப் போனார். மன்னிப்புக் கேக்கும்போதுகூடச் சிரிச்சார்."

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மேடத்தின் முகம் தெளிந்திருந்தது. "கேட்டியா? உங்க அண்ணி கடைக்கு வர்றதுக்குள்ள அவருக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. வா, காபி குடிக்கலாம்."

"இப்பவா மேடம்? அண்ணி வேலை போகப் போகுது."

"அதனாலதான் காபி."

ஜன்னலோர மேஜை காலியாக இருந்தது. மேடம் சிரிப்பின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் ஆணையத்தின் வாசல் மட்டும் தெரிந்தது. கூட்ட அறை தெரியவில்லை, மாடி ஜன்னல்கள் தெரியவில்லை, உள்ளே யார் பேசுகிறார்கள் என்பதும் தெரியவில்லை. வாசற்படி, கதவு, அறிவிப்புப் பலகை, அவ்வளவுதான். வாசலில் ஆணையத்தின் தோட்டக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்கேயிருந்து என்ன துப்பு கிடைக்கும்? பலகையில 'புகை பிடிக்காதீர்'னு போட்டிருக்கு. அதைப் படிச்சுட்டா அவன் எழுந்து ஓடினான்?" என்றான் வாலு.

மேடம் காபியைக் குடித்து முடித்தார். நேராக வாசலுக்குப் போய்த் தோட்டக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தார். தைல வாசனை மூக்கைத் துளைத்தது.

"இடுப்பு வலியா?"

"திங்கக்கிழமைலேருந்துங்க. வயசாகுதில்ல."

"வா வாலு, பெரியவருக்கு உதவி பண்ணு. செடியெல்லாம் வெயிலில்லாம வாடிக் கிடக்கு. எல்லாத் தொட்டியையும் தூக்கிட்டு வந்து அந்தத் தடத்து மேல வை."

வாலு காதில் விழாததுபோல் நின்று பார்த்தான். பலிக்கவில்லை. தொட்டிகள் ஒவ்வொன்றும் தலைவரைப் போலவே கனமாக இருந்தன. கடைசித் தொட்டியை வைத்து அவன் நிமிர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தோட்டக்காரர் கண்கள் கலங்க அவனை ஆசீர்வதித்தார்.

சற்று நேரத்தில் சிரிப்பு வந்தார். விசாரணையில் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருப்பார். ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவையே பார்த்துச் சிரித்தார்.

மேடம் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். "வாலு, தொட்டியெல்லாம் மறுபடி உள்ள கொண்டு போ."

"என்னது?"

"உள்ள."

"மேடம், உங்களுக்குத் தோட்ட வேலையில ஆசை வந்துட்டா உங்க வீட்டு மொட்டை மாடியில வெச்சுக்கலாம். எங்க அண்ணி மேல நின்னுட்டு இருக்காங்க. நான் இங்க செடியைக் கொஞ்சிட்டு இருக்கேன்!" அவன் குரல் உடைந்தது. அதை மறைக்க ஒரு தொட்டியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். முள் கன்னத்தில் கீறியது.

இரண்டாவது தொட்டியோடு உள்ளே திரும்பும்போது எதேச்சையாகக் காபிக் கடைப் பக்கம் பார்த்தான். ஜன்னலோர நாற்காலி காலி. மேஜை மேல் பாதிக் காபி ஆவி பறக்க நின்றது.

வாலு தொட்டியோடு அப்படியே நின்றுவிட்டான்.

"நிக்காதே, மீதியையும் தூக்கு" என்றார் மேடம்.

விசாரணை அறையில் தலைவரும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி நின்றுகொண்டிருந்தாள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாற்காலி போடலாமா என்பதற்கு விதியில் எதுவும் இல்லாததால், போடவில்லை. அண்ணி வாலுவின் கன்னத்துக் கீறலைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவன் ஒன்றுமில்லை என்று தலையாட்டினான்.

"காபிக் கடைக்குப் போனதை மறுக்கறீங்களா?" என்றார் தலைவர்.

"மறுக்கலை சார்."

"அங்க மின்கம்பெனி ஆள் இருந்தது?"

"நான் போகும்போது கிளம்பிட்டார்."

"அப்படித்தான் சொல்வீங்க. நம்பினவங்க முதுகுல குத்தறவங்களுக்கு இந்த ஆணையத்துல இடமில்லை." தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "முடிவை நானே..."

மேஜை மேலிருந்த தொலைபேசி அலறியது. ஆணையத்தில் ஒளிவுமறைவு கிடையாது என்று ஊருக்குக் காட்டுவதற்காகத் தலைவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். இப்போதும் பழக்கதோஷத்தில் அதைத்தான் அழுத்தினார்.

"ஐயா, வணக்கம்!" என்றது ஒரு குரல். சிரிக்கிற முகம் குரலிலேயே தெரிந்தது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும். மறுபடியும் ஏத்தறீங்களா? இந்தத் தடவை நாங்க மனுவே போடலையே!"

"என்ன ஏத்தறோம்?" என்றார் தலைவர்.

"அதைத்தாங்க கேக்கறேன். கரண்டா, தபாலா, தொலைபேசியா? எதுக்கும் இருக்கட்டும்னு நாங்க கார்டை நிறுத்தச் சொல்லிட்டோம். இங்க தெருவுல தபால்தலைக்குக் கூட்டம் நெரியுது. எதுன்னு சொல்லிட்டீங்கன்னா மத்ததை விட்டுடுவோம்."

"யார் சொன்னது உங்களுக்கு, கட்டணம் ஏறப் போகுதுன்னு?" தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்னங்கய்யா இப்படிக் கேக்கறீங்க? வழக்கம்போல நீங்கதானே! வாசல்ல இருந்த தொட்டியெல்லாம் உள்ள போயிடுச்சே!"

உறுப்பினர்களில் ஒருவர் இருமினார். இன்னொருவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார்.

"போன வருஷம் தபால் கட்டணம் ஏத்தினப்போ போராட்டக்காரங்க உங்க தொட்டி ரெண்டை உடைச்சுட்டாங்க" என்றார் மேடம், அமைதியாக. "தோட்டக்காரர் சொன்னார். அதுலேருந்து ஏத்தறதா முடிவானா, கூட்டம் முடிஞ்ச கையோட கீழ போய் 'செடியை உள்ள எடு'ன்னு நீங்க சொல்றது வழக்கம். ஏத்தலைன்னா சொல்றதில்லை. செல்போனைப் பூட்டினீங்க, ஜாமர் போட்டீங்க, திரையை இழுத்தீங்க. கட்டணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலைன்னு நீங்க சொன்னது சத்தியம். ஊரே பாக்கிற வாசல்ல ரோஜாவை வெச்சே அறிவிச்சுட்டீங்க. இன்னைக்கு எந்தக் கூட்டமும் இல்லை. நான் தொட்டியை மட்டும் நகர்த்தினேன். பாருங்க, ஊர்ல விலை ஏறிடுச்சு."

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா? ஐயா, லைன்ல இருக்கீங்களா?" என்றது ஸ்பீக்கர். மேடம் கையை நீட்டி அதை அணைத்தார்.

தலைவர் மெதுவாக உட்கார்ந்தார். மேஜையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பெரிய பதவியில் இருப்பவர்களுக்குக் கீழே விழும்போதும் மேலே பார்க்கிற பழக்கம் போவதில்லை. "சரி. சஸ்பென்ஷனை ரத்து செஞ்சு உத்தரவு போட்டுடலாம்" என்றார் கடைசியில். "யாராவது தட்டச்சு..."

யாரும் இல்லை என்பது அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உறுப்பினர் ஒருவர் அவசரமாக எழுந்து தன் நாற்காலியையே அண்ணிக்கு நகர்த்திக் கொடுத்தார். அண்ணி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விரல்களைத் தட்டச்சுப் பலகையில் வைத்தாள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "தவிர்க்க முடியாத சில காரணங்களால் வெளியான தகவல் குறித்து..."

ஒரு எழுத்துகூட விழவில்லை. அண்ணியின் விரல்கள் வைத்த இடத்திலேயே இருந்தன.

"என்னம்மா?"

"'என் தவறால்'னு சொல்லுங்க சார். தட்டச்சு பண்றேன்."

"கருத்து ஒண்ணுதானேம்மா..."

"இந்த ரெண்டு நாளா ஊரே என்னை ரகசியத்தை வித்தவளாப் பாத்துச்சு, எனக்கு ரெண்டும் ஒண்ணு இல்லை சார். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட என்னால நிமிர்ந்து பாக்க முடியலை." அண்ணியின் குரல் உயரவில்லை, ஆனால் நடுங்கியது. "நீங்க சொல்லலைன்னா, வேற ஸ்டெனோ வெச்சுக்கோங்க."

தலைவர் உதட்டை அசைத்தார்.

"கேக்கலை சார்."

"என் தவறால்" என்றார் தலைவர், மென்று முழுங்கி.

அதன்பிறகுதான் விசைகள் படபடவென்று பேசத் தொடங்கின. வாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தன் கண்ணைத் துடைத்துக்கொள்வதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். மேடம் பார்த்துவிட்டார். பார்க்காதவர்போல் இருந்தார்.

கீழே இறங்கி வந்தபோது நடைபாதையில் தொட்டிகள் பழையபடி வரிசையாக நின்றன. தோட்டக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

"இனிமே தொட்டி எப்பவுமே உள்ளதான் இருக்கணும்னு ஐயா சொல்லிட்டாருங்க. என் இடுப்பு தப்பிச்சுது!"

"அப்போ தினமும் கட்டணம் ஏறுதுன்னு ஊர் நினைச்சுக்குமே?" என்றான் வாலு.

"நினைச்சுக்கட்டும், பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்" என்றார் மேடம்.

வாசலில் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வாலு பக்கத்தில் போய் நின்றான். போனில் அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தான். அண்ணி தன் கைக்குட்டையால் அவன் கன்னத்துக் கீறலை ஒற்றியபோது அத்தனையும் மறந்துபோயிற்று.

"அண்ணி" என்றான். "இன்னைக்கு வீட்ல என்ன சமையல்?"

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வந்து பார்த்துக்கோ."